கோல்ஃப் பந்து ஒரே பக்கமாகப் போகிறதா? பறக்கும் விதத்தை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்பை) எடுத்தாலே பந்து வலப்பக்க மரங்களுக்குள் போகிறது. தலையைத் தூக்காதே என்கிறார் ஒருவர். கையை நீட்டு என்கிறார் இன்னொருவர். கிளப் பையைத் தூக்கி வரும் கேடி தன் பங்குக்கு ‘மெதுவா அடிங்க சார்’ என்கிறார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் உங்கள் உடம்பின்மேல் இருக்கிறது. பந்து எப்படிப் பறந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

பந்து எங்கே போய் விழுந்தது என்பதை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் திசையில் கிளம்பியது, பிறகு எந்தப் பக்கம் வளைந்தது என்ற இரண்டும் தெரிந்தால், பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். அடித்ததும் ஏமாற்றத்தில் தலையைக் குனிந்துகொள்ளாமல், பந்தின் முதல் இரண்டு நொடிப் பறத்தலைப் பார்த்துப் பழகுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு நொடியை நம்பியே இருக்கிறது.

கீழே உள்ளதெல்லாம் வலது கை ஆட்டக்காரரை வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் வலது இடது இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். 2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்), அகஸ்டா மைதானத்தின் 10ஆம் ஹோலில் மரங்களுக்கு நடுவிலிருந்து பப்பா வாட்சன் வெட்ஜ் என்ற குட்டைக் கிளப்பால் வளைத்து அடித்துப் பட்டம் வென்ற ஷாட் நினைவிருக்கிறதா? பந்து வலப்பக்கமாக வளைந்தது. ஆனாலும் அது ஹூக்தான் (வலது கைக்காரருக்கு இடதுக்குச் சுருளும் ஷாட்); அவர் இடது கைக்காரர்.

பந்தைப் படிப்பது எப்படி

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம், அதாவது கிளப் தலையில் பந்தைத் தொடும் பரப்பு. பந்தில் மோதும் கணத்தில் முகம் எங்கே பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். நெடுங்காலம் இதை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஸ்விங் போகும் பாதையில் பந்து கிளம்பும், முகம் பார்க்கும் பக்கம் பிறகு வளையும் என்று. 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய ட்ராக்மேன் போன்ற நிறுவனங்களின் ரேடார் கருவிகள் அளந்து காட்டிய பிறகுதான் அந்தப் பாடம் பரவலாகக் கைவிடப்பட்டது. டிரைவரில் கிளம்பும் திசையில் சுமார் 85 சதவீதம் முகத்தின் பங்கு, அயர்ன்களில் (டிரைவரைவிடக் குட்டையான, மெல்லிய தலையுள்ள கிளப்களில்) சுமார் 75 சதவீதம். மிச்சம்தான் பாதைக்கு.

வளைவு வேறு கணக்கு. முகத்துக்கும் பாதைக்கும் இடையே எவ்வளவு கோணம் இருக்கிறதோ, அதுதான் பந்தை வளைக்கிறது. முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலதுக்கு வளையும். மூடியிருந்தால் இடதுக்கு வளையும். முகம் கொடியையே நேராகப் பார்த்திருந்தாலும் பாதை இடதுபக்கம் போயிருந்தால் பந்து வலதுக்குத்தான் போகும். ‘முகத்தை நேராகத்தானே வைத்தேன், ஏன் வளைந்தது?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரு டிகிரி என்பது சின்னதாகத் தோன்றும். 250 யார்டு போகும் பந்து ஒரு டிகிரி தவறிக் கிளம்பினால் வளைவே இல்லாமல் நான்கு யார்டுக்கு மேல் விலகும். ஐந்து டிகிரி என்றால் 22 யார்டு. பல ஃபேர்வேக்களில் (புல் வெட்டிய ஆடுபாதைகளில்) நடுவிலிருந்து ஓரத்தைத் தாண்டிவிடும். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் கையால் எதையும் சரிசெய்ய முடியாது. அடித்த பிறகு உடம்பைச் சாய்த்துப் பந்தை இழுக்கப் பார்ப்பதில் பயனில்லை. பிழை நிற்கும் நிலையிலும் பிடியிலும் ஸ்விங்கின் தொடக்கத்திலும் உண்டாவது; அங்கேதான் அதைத் தேட வேண்டும்.

திருத்தும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் முகம், அடுத்து பாதை. முகம் சரியாகாமல் பாதையை மட்டும் மாற்றினால் பந்து இன்னும் மோசமான இடத்துக்குப் போகும். உடம்பு பயந்துபோய் பழைய பாதைக்கே திரும்பிவிடும். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் ஸ்லைஸ் (வலதுக்குப் பெரிதாக வளையும் பிழை) போகாதவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்

மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும்.

நிற்கும் திசை முதலாவது. ஒரு கிளப்பைத் தரையில் உங்கள் கால்விரல் நுனிகளை ஒட்டி வைத்துவிட்டு, பின்னால் போய் நின்று பாருங்கள். இலக்குக்கு இணையாக இருக்கிறதா? காலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தோள் எங்கே பார்க்கிறது என்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் கைகள் தோளின் திசையில்தான் வீசும். இன்னொரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே பிடித்தால் தோளின் திசை தெரியும். தோள் இலக்குக்கு இடப்பக்கம் திறந்து நிற்பது அவ்வளவு சாதாரணம், நிற்கிறவருக்கே தெரிவதில்லை.

அடுத்தது, முகத்தில் பந்து படும் இடம். வொயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறம் ஒரு தடிமனான புள்ளி வைத்து, அது கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வைத்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டியிருக்கும். டிரைவரில் இது மிக மிக முக்கியம். டிரைவரின் எடைமையம் முகத்துக்கு வெகு பின்னால் இருப்பதால், ஓரத்தில் பட்டால் தலை சற்றே சுழன்று பந்துக்கு எதிர்ச்சுழல் கொடுக்கும். நுனிப்பக்கம் பட்டால் பந்து இடதுக்கு வளையும். ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட்டை (கிளப்பின் தண்டை) ஒட்டிய பக்கம் பட்டால் வலதுக்கு வளையும். டிரைவரின் முகம் பக்கவாட்டில் லேசாகப் புடைத்திருப்பதே இதை ஈடுகட்டத்தான். ஆகவே ஸ்விங் அருமையாக இருந்தும் ஹீலில் பட்டால் ஸ்லைஸ் வரும். அவருக்குப் பிடியையும் பாதையையும் மாற்றச் சொல்வது பாவம். பந்துக்கு அரை அங்குலம் தள்ளி நிற்கச் சொன்னாலே போதுமானதாக இருக்கலாம்.

மூன்றாவது, பந்து வைக்கும் இடம். டிரைவருக்கு இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேரே. நடு அயர்ன்களுக்கு ஸ்டான்ஸின் (நிற்கும் நிலையின்) நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் முன்னால். ஸ்விங் ஒரு வளைவான பாதை. அதில் பந்து முன்னால் இருக்க இருக்க, கிளப் இடப்பக்கம் திரும்பிய பிறகு பந்தைத் தொடும். பின்னால் இருக்க இருக்க, கிளப் இன்னும் வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே தொடும். பந்தை இரண்டு அங்குலம் நகர்த்தியதும் காணாமல் போன பிழைகள் ஏராளம்.

இடதில் கிளம்பி வலதுக்கு வளைகிறது

இதுதான் ஊரறிந்த ஸ்லைஸ். புதிதாக ஆட வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் வியாதி, ஆகவே இதை விரிவாகவே பார்த்துவிடலாம்.

கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. முகம் இலக்குக்கு இடப்பக்கம் பார்த்தாலும் அந்தப் பாதையோடு ஒப்பிட்டால் திறந்திருக்கிறது. உறுதிசெய்ய ஓர் எளிய வழி: உங்கள் 9 அயர்ன் ஷாட்டுகள் நேராக இடதுபக்கம் போகின்றனவா? டிரைவர் மட்டும் வலதுக்கு வளைகிறதா? இரண்டும் ஒரே ஸ்விங்கின் விளைவு. 9 அயர்னில் லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) அதிகம், பின்சுழல் அதிகம். அதனால் பக்கவாட்டு வளைவு பெரிதாகத் தெரியாது. லாஃப்ட் குறைந்த டிரைவரில் அதே கோணப் பிழை பந்தைப் பக்கத்து ஹோலுக்கே அனுப்பிவிடும். ‘அயர்ன் நன்றாக வருகிறது, டிரைவர்தான் பிரச்சினை’ என்று புது டிரைவர் வாங்கப் போகிறவர்கள் இதை யோசித்துவிட்டுப் போகட்டும். புல்தரையில் ஆடுபவர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு: டிவட் (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) இலக்குக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

பந்து வலதுக்குப் போனால் யாருக்குமே அடுத்த ஷாட்டை இடதுபக்கம் பார்த்து அடிக்கத்தான் தோன்றும். நியாயமான எண்ணம், ஆனால் அதுதான் வினை. இடதுபக்கம் நின்றால் தோள் திறக்கும், பாதை இன்னும் இடதுக்கு வெட்டும், வளைவு கூடும். அதற்காக இன்னும் இடதுபக்கம் பார்ப்பார். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர முகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இடது கைப் பிடியைப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது இடது கையில் எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்றுதான் தெரிகிறது என்றால் பிடி பலவீனம். மோதும் நேரத்தில் முகம் தானாகத் திறக்கும். இரண்டு அல்லது இரண்டரை முட்டி தெரியும்வரை கையை வலப்பக்கம் திருப்புங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உண்டாகும் கோடு, இரண்டு கைகளிலும், வலது தோளை நோக்கிப் போக வேண்டும். கிளப் உள்ளங்கையில் படுக்கக் கூடாது. விரல்களின் அடியில் படுக்க வேண்டும். உள்ளங்கையில் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

இங்கே பலர் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. கையைத் திருப்பும்போது கிளப்பும் சேர்ந்து திரும்பிவிடும். பார்க்க இரண்டு முட்டி தெரியும், ஆனால் முகமும் மூடியிருக்கும். பிறகு அதை நேராக்கும்போது கையும் பழைய இடத்துக்கே வந்துவிடும். எனவே முதலில் கிளப்பைத் தரையில் வைத்து முகத்தின் கீழ்விளிம்பை இலக்குக்கு நேராக்குங்கள். பிறகு கையைத் தளர்த்தி, கிளப் அசையாமல், புதிதாகப் பிடியுங்கள். புதுப் பிடி சில நாள் அசௌகரியமாகத்தான் இருக்கும். வசதியாக இருந்தால் நீங்கள் பழைய பிடியையே பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கிரிக்கெட் ஆடி வந்தவர்களுக்கு இன்னொன்று. நேர் மட்டையில் ஆடும்போது இடது முழங்கை உயர்ந்து, மட்டையின் முகம் பந்து போகும் திசையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கோல்ஃபில் அந்தப் பழக்கம் முகத்தைத் திறந்தே வைத்திருக்கும். இங்கே முன்கைகள் சுழல வேண்டும். ஒரு 7 அயர்னை எடுத்து, இடுப்பு உயரம் பின்னால், இடுப்பு உயரம் முன்னால் என்று பாதி ஸ்விங் செய்யுங்கள். பந்தைத் தாண்டிய பிறகு கிளப் இடுப்பு உயரத்தில் நிற்கும்போது அதன் நுனி வானத்தைப் பார்க்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் திறந்தே பிடித்திருக்கிறீர்கள்.

பிடி மாறியதும் பந்து நேராக இடதுபக்கம் போகத் தொடங்கும். பதறாதீர்கள், இது முன்னேற்றம். முகம் இப்போது பாதையோடு ஒத்துப்போகிறது. அந்தப் பாதை இடதுபக்கம் போவதால் பந்தும் அங்கே போகிறது. இந்த இடத்தில்தான் பலர் ‘புதுப் பிடி எனக்குச் சரிப்படவில்லை’ என்று கைவிடுகிறார்கள். இன்னும் ஒரு படிதான் மிச்சம் இருக்கும்போது திரும்பிப் போவது எவ்வளவு வருத்தம்!

இனி பாதை. டவுன்ஸ்விங் (கிளப் கீழிறங்கும் கட்டம்) தொடங்கும்போது வலது தோளும் கைகளும் முதலில் முன்னால் பாய்வதுதான் வெட்டும் பாதைக்குக் காரணம். எடை இடது காலுக்கு மாறி, இடுப்பு திரும்பத் தொடங்கி, கைகள் அதன் பிறகு கீழே இறங்க வேண்டும். சொல்வது எளிது, பலம் காட்டி அடிக்கும் ஆசை வந்தால் தோள் முந்திக்கொள்ளும். உடம்புக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தடை வைத்துப் பழக்குவது வேகமாக வேலை செய்யும். பந்துக்கு ஓரடி பின்னால், இலக்குக் கோட்டுக்கு வெளிப்புறமாக, ஒரு ஹெட்கவரையோ (கிளப் தலைக்கு மாட்டும் உறையையோ) காலித் தண்ணீர் பாட்டிலையோ வையுங்கள். வெளியிலிருந்து வந்தால் அதைத் தட்டிவிடுவீர்கள். தட்டாமல் பந்தை அடிக்க உடம்பு தானே வழி கண்டுபிடிக்கும். கனமான எதையும் வைக்க வேண்டாம்.

வலது காலை ஓரடி பின்னுக்கு இழுத்து வைத்துப் பாதி வேகத்தில் அடிப்பது இன்னொரு நல்ல பயிற்சி. தோள் திறக்கவே முடியாது. கிளப் உள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். பந்து வலதில் கிளம்பி மெல்ல இடதுக்கு வளையும்போது உங்கள் முகத்தில் வரும் சிரிப்பு பெரிய மருந்து. அதைப் பார்த்த பிறகு சாதாரண ஸ்டான்ஸுக்கு வாருங்கள்.

வளைவு ஐந்தாறு யார்டாகச் சுருங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அது பிழை அல்ல, ஃபேட் (வலதுக்கு மெல்ல வளையும் ஷாட்). 18 மேஜர் பட்டம் வென்ற ஜாக் நிக்லஸும் லீ ட்ரெவினோவும் அதை வைத்தே ஆடினார்கள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவில் வளையும் பந்தோடு நிம்மதியாக ஆடலாம்.

வலதில் கிளம்பி இன்னும் வலதுக்கே வளைகிறது

இதையும் ஸ்லைஸ் என்றே சொல்வார்கள், ஆனால் மருந்து வேறு. பாதை வெட்டிக்கொண்டு வரவில்லை. பல நேரம் பாதை சரியாகவே இருக்கும், வலப்பக்கம்கூடப் போகும். முகம் மட்டும் அகலத் திறந்திருக்கிறது. இவருக்கு ஹெட்கவர் வைத்து ‘உள்ளிருந்து அடி’ என்று சொன்னால் பந்து இன்னும் வலதுக்குப் போகும்.

பிடியைச் சோதியுங்கள், மேலே சொன்ன அதே முறை. அடுத்து பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்கும் கட்டத்தின்) உச்சியில் இடது மணிக்கட்டைப் பாருங்கள். கைபேசியில் பின்னாலிருந்து ஒரு காணொளி எடுத்தால் தெரிந்துவிடும். மணிக்கட்டு கையின் பின்பக்கம் பள்ளமாக மடங்கியிருந்தால் முகம் திறந்திருக்கும். அதைத் தட்டையாக்குங்கள். டவுன்ஸ்விங்கில் மோட்டார் பைக்கின் ஆக்சிலரேட்டரை முன்னால் திருப்புவதுபோல் இடது கை முட்டிகளைத் தரைப்பக்கம் உருட்டினால் முகம் மூடும். மெதுவாக, பாதி ஸ்விங்கில் தொடங்குங்கள்.

கையின் இறுக்கமும் காரணமாக இருக்கலாம். இறுகப் பிடித்தால் முன்கை சுழலாது. சென்னையில் ஆடுபவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. புழுக்கத்தில் கையுறை நனைந்து வழுக்கும், வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். பையில் இரண்டாவது கையுறையும் உலர்ந்த துண்டும் இருக்கட்டும். ரப்பர் தேய்ந்து பளபளவென்று ஆன கிரிப்பை மாற்றிவிடுங்கள். ஒரு புது டிரைவரின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு.

வலதில் கிளம்பி இடதுக்குச் சுருண்டுவிடுகிறது

ஹூக். ஓரளவு ஆடத் தெரிந்தவர்களின் பிழை இது. பந்து தாழப் பறந்து, விழுந்த பிறகும் வெகுதூரம் ஓடும். ஸ்லைஸைவிட அதிகச் சேதம் செய்வது அந்த ஓட்டம்தான்.

கிளப் உள்ளிருந்து வெளியே அளவுக்கு மீறிப் போகிறது. முகம் அந்தப் பாதைக்கு மூடியிருக்கிறது. ஸ்லைஸைக் குணப்படுத்தப் போய் எல்லை தாண்டியவர்கள் இங்கே வந்து சேர்வதுண்டு. மூன்று, நான்கு முட்டி தெரியும் பிடி, வலது கை கிளப்பின் அடியில் போயிருப்பது, பந்து பின்னால் நகர்ந்திருப்பது, ஹூக்குக்குப் பயந்து வலதுபக்கம் பார்த்து நிற்பது என்று எல்லாம் சேர்ந்திருக்கும். வலதுபக்கம் பார்த்து நிற்பது, ஸ்லைஸ்காரர் இடதுபக்கம் பார்ப்பதைப் போலவே நோயை வளர்க்கும்.

பென் ஹோகனைவிடப் பெரிய சாட்சி இதற்கு இல்லை. ஆட்ட வாழ்க்கையின் முதல் பகுதியில் ஹூக் அவரைப் படாதபாடு படுத்தியது. இடது கைக் கட்டைவிரலை ஷாஃப்ட்டின் மேல் நடுவுக்கு நகர்த்திப் பிடியைப் பலவீனமாக்கினார். பேக்ஸ்விங் உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கினார். 1955இல் லைஃப் இதழில் இதைத் தன் ‘ரகசியம்’ என்று வெளியிட்டார். 1949இல் பேருந்தோடு மோதிய கார் விபத்தில் எலும்புகள் நொறுங்கிய பிறகு, 1953இல் ஒரே ஆண்டில் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றவர் அவர். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அது ஹூக் அடிப்பவருக்கான மருந்து. ஸ்லைஸ் அடிப்பவர் ஹோகனைப் பார்த்து மணிக்கட்டை மடக்கினால் பந்து அடுத்த ஊருக்குப் போகும். சாம்பியனின் படத்தைப் பார்த்துப் பிடியைக் காப்பியடிக்கும் முன், அவர் எந்த நோயோடு போராடினார் என்று பாருங்கள்.

திருத்தம்: பிடியை இரண்டு முட்டிக்குக் கொண்டுவாருங்கள். வலது கைக் கோடு வலது தோளைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தை ஒரு பந்து அகலம் முன்னால் வையுங்கள். ஹெட்கவரை இம்முறை பந்துக்கு ஓரடி பின்னால், கோட்டுக்கு உட்புறமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மார்பு நிற்காமல் திரும்ப வேண்டும். பந்தை அடிக்கும் நேரத்தில் உடம்பு நின்றுவிட்டால் கைகள் தாமாகப் புரண்டு முகத்தை மூடிவிடும். முடிக்கும்போது பெல்ட் பக்கிளும் மார்பும் இலக்குக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கின்றனவா என்று ஒவ்வொரு ஷாட்டிலும் சோதியுங்கள்.

வளைவே இல்லாமல் ஒரு பக்கம் போகிறது

நேராக இடதுக்குப் போவது புல். நேராக வலதுக்குப் போவது புஷ். இரண்டிலும் முகமும் பாதையும் ஒத்துப்போகின்றன, இரண்டும் சேர்ந்து தவறான பக்கம் பார்க்கின்றன. பந்து நன்றாகப் பட்டதுபோல் கையில் தோன்றும். நல்ல தூரமும் போகும். அதனால்தான் பலர் இதைப் பிழையாகவே நினைப்பதில்லை.

பெரும்பாலும் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம். புல் என்றால் பந்து முன்னால் போயிருக்கிறதா, தோள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ் என்றால் பந்து பின்னால் இருக்கிறதா, நீங்கள் வலதுபக்கம் பார்த்து நிற்கிறீர்களா என்று பாருங்கள். நிற்பதும் பந்தின் இடமும் சரியாக இருந்தும் புஷ் வந்தால், இடுப்பு திரும்பாமல் இலக்குப் பக்கம் சறுக்குகிறது, கைகள் பின்தங்கிவிடுகின்றன. இடது காலுக்கு வெளியே, இடுப்பை ஒட்டி ஒரு குச்சியை நட்டு, அதில் இடிக்காமல் திரும்பப் பழகுங்கள்.

இடதில் கிளம்பி இன்னும் இடதுக்கு வளைந்தால், வெட்டும் பாதையோடு மூடிய முகமும் சேர்ந்திருக்கிறது. பிடியை முதலில் தளர்த்தி நடுநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்லைஸுக்குச் சொன்ன பாதைப் பயிற்சியைச் செய்யுங்கள்.

அயர்னில் திடீரென்று தாழ்வாக, கூர்மையாக வலதுக்குப் பாய்கிறது

ஷாங்க். அனுபவம் உள்ளவர்களே இந்தச் சொல்லை வாயால் சொல்லப் பயப்படுவார்கள். முகத்தில் பந்து படவே இல்லை. ஷாஃப்ட் தலையில் செருகியிருக்கும் உருண்டையான கழுத்தில், ஹோசலில் பட்டிருக்கிறது. மார்க்கர் மை அங்கே ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

திசைப் பிழைபோல் தெரிந்தாலும் இது தூரப் பிழை: மோதும் நேரத்தில் கிளப் உங்கள் உடம்பிலிருந்து வெளியே தள்ளிப் போயிருக்கிறது. பந்துக்கு மிக அருகில் நிற்பது, எடை கால்விரல்களுக்கு வந்துவிடுவது, டவுன்ஸ்விங்கில் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வருவது இவற்றால் வரும். பாதத்தின் நடுவில் எடையை வைத்து, ஸ்விங் முழுக்க குதிகால் தரையில் அழுந்துவதை உணருங்கள். சுவரைப் பின்புறம் தொட்டபடி நின்று கிளப் இல்லாமல் ஸ்விங் செய்து பாருங்கள். கடைசிவரை பின்புறம் சுவரை விட்டு விலகக் கூடாது. பந்தோடு பயிற்சி செய்ய, பந்துக்கு வெளியே ஒன்றரை அங்குலம் தள்ளி ஒரு டீயைக் குத்திவைத்து, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடியுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் ஷாங்க் வந்தால், நுனியில் படட்டும் என்று எண்ணி அடித்துவிட்டு மேலே நடங்கள். மிச்சத்தை ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பார்த்துக்கொள்ளலாம்.

சில கிளப்பில் மட்டும், சில இடத்தில் மட்டும்

டிரைவர் நேராகப் போகிறது, குட்டை அயர்ன்கள் மட்டும் இடதுபக்கமே போகின்றன என்றால் லை கோணத்தை (ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் இடையிலான கோணத்தை) சோதிக்கச் சொல்லுங்கள். கிளப்பின் நுனி தரையிலிருந்து தூக்கியிருந்தால் முகம் இடதுபக்கம் பார்க்கும்; ஹீல் தூக்கியிருந்தால் வலதுபக்கம். லாஃப்ட் கூடக் கூட இந்த விலகலும் கூடும். நம் ஊரில் பலர் வெளிநாட்டு உறவினர் தந்த செட்டில்தான் தொடங்குகிறார்கள். உயரமானவருக்காக வளைத்த கிளப்பைக் குள்ளமானவர் பிடித்தால் நுனி தூக்கித்தான் நிற்கும். கிளப்பின் அடியில் தேய்மானத்தைப் பாருங்கள்: ஹீல் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அறிகுறி அதுதான். நல்ல கிளப் பழுதுக்கடையில் வளைத்துச் சரிசெய்து தருவார்கள்.

ஊட்டி ஜிம்கானாவிலும் கொடைக்கானலிலும் ஆடுபவர்களுக்குச் சரிவுதான் முதல் சந்தேகம். பந்து கால்களைவிட உயரத்தில் இருந்தால் இடதுபக்கம் போகும். தாழ்வில் இருந்தால் வலதுபக்கம் போகும். லை கோணக் கணக்கேதான் இதுவும், கிளப்புக்குப் பதில் தரை சாய்ந்திருக்கிறது. இதற்கு ஸ்விங்கைத் திருத்தக் கூடாது. பார்க்கும் திசையை மாற்றினால் போதும். மலையில் இன்னொன்றும் நடக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெல்லியது. பந்து தூரம் போகும், வளைவு குறையும். அங்கே ஒரு வாரம் ஆடிவிட்டு ‘ஸ்லைஸ் போய்விட்டது’ என்று இறங்கி வந்தால், சமவெளியில் அது மறுபடி முழு அளவில் தெரியும்.

ரேஞ்சில் நேராகவும் கோர்ஸில் கோணலாகவும் போகிறது என்றால் பாயைச் சந்தேகியுங்கள். ரேஞ்சில் பாயின் விளிம்பே உங்களை இலக்கு நோக்கி நிறுத்திவிடுகிறது. கோர்ஸில் அந்த உதவி கிடையாது. டீ மேடையே மரங்களைப் பார்த்து வெட்டப்பட்டிருக்கலாம். பந்துக்கு இரண்டடி முன்னால், இலக்குக் கோட்டில் ஓர் இலையையோ பழைய டிவட்டையோ குறித்துக்கொண்டு, முதலில் முகத்தை அதற்கு நேராக்கி, பிறகு கால்களை வையுங்கள்.

இரண்டு பக்கமும் போகிறது

ஒரு ஷாட் வலது, அடுத்தது இடது. இதுதான் மனத்தைக் கலைப்பது, ஏனென்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றே தெரியாது. பெரும்பாலும் இவருடைய பாதை உள்ளிருந்து வெளியே அதிகமாகப் போகிறது. கை நேரத்துக்குப் புரண்டால் ஹூக், புரளத் தாமதித்தால் புஷ். கையின் நேரக்கணக்கை மட்டும் நம்பி ஆடுவதால் வரும் வினை இது. கைகளுக்குப் பயிற்சி கொடுக்காதீர்கள். மார்பு திரும்புவதற்குக் கொடுங்கள். ஹூக்குக்குச் சொன்னதையே செய்யுங்கள். டிரைவரைச் சில நாள் பையிலேயே விட்டுவிட்டு 7 அயர்னில், முக்கால் ஸ்விங்கில், ஒரு பக்கப் பிழையை மட்டும் ஒழிப்பதை இலக்காக வையுங்கள். ‘இடதுக்கு மட்டும் போகாது’ என்று உறுதியானால் ஃபேர்வேயின் இடது ஓரத்தைப் பார்த்துத் தைரியமாக அடிக்கலாம்.

திருத்திக்கொண்டிருக்கும் நாட்களில்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிடியும் பாதையும் ஒரே நாளில் மாறினால் எது என்ன செய்தது என்று தெரியாது. பத்துப் பந்து பாதி ஸ்விங்கில், ஐந்து பந்து முழு ஸ்விங்கில், பிறகு திரும்பவும் பாதியில். ஒவ்வொன்றுக்கும் ‘எங்கே கிளம்பியது, எங்கே வளைந்தது’ என்று வாயால் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் வேடிக்கையாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

கோர்ஸில் இருக்கும்போது பந்து பக்கத்து ஃபேர்வே பக்கம் திரும்புவது தெரிந்த கணமே ‘ஃபோர்!’ என்று உரக்கக் கத்துங்கள். 45 கிராம் எடையுள்ள கடினமான பந்து அது. அங்கே கேடிகளும் புல்வெட்டும் தொழிலாளர்களும் இருப்பார்கள். வெட்கப்பட்டு முணுமுணுப்பது யாரையும் காப்பாற்றாது.

மேலே சொன்னதை இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் பந்தின் போக்கு மாறவே இல்லையென்றால், லாஞ்ச் மானிட்டர் (கிளப்பையும் பந்தையும் அளக்கும் கருவி) வைத்திருக்கும் பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். போனதும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மோதும் கணத்தில் முகக் கோணம் எவ்வளவு, பாதைக் கோணம் எவ்வளவு. அவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, மேலே உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதியோடு வைத்துப் பாருங்கள். முகம் பாதைக்குத் திறந்திருந்தால் பிடியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பந்து வளைந்தால், பிழை முகத்தில் படும் இடத்தில் இருக்கிறது, மார்க்கரை எடுங்கள்.